இன்று காலை சரிபார்த்தது

ஜனவரி 6

தம்பிக்கு,

ஏழு மாதமாக உனக்கு எழுத உட்காருவதும், "நலமா" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு மூடி வைப்பதுமாக இருக்கிறேன். நேற்று உன் மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பிக்குத்தானே எழுதற, கலெக்டருக்கா?" என்று கேட்டார். அதனால் இன்றைக்கு எப்படியும் இந்த மெயிலை அனுப்பிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். போனில் கூப்பிடலாம்தான். நீ எடுக்க மாட்டாய், எடுத்தாலும் நான்தான் பேசிக்கொண்டிருப்பேன். சின்ன வயதிலிருந்தே முக்கியமானதை எல்லாம் நீ எனக்கு எழுதித்தானே கொடுப்பாய்.

முதலில் மன்னிப்பு. நம் இணையதளத்தைப் பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று பேர் வந்திருந்த அன்று, "அக்கா ஊர் மாறிப் போயிட்டா தினமும் கடைகளுக்கு யார் போன் பண்ணி விலை கேப்பாங்க?" என்று அவர்கள் கேட்டார்கள். நீ "நான்" என்று சொல்ல வாயெடுத்தாய். வார்த்தை நின்றுவிட்டது. நான் விட்டிருக்கலாம். விடாமல், "இவன் ஹலோ சொல்லி முடிக்கறதுக்குள்ள கடைக்காரர் சாப்பிட்டு, தூங்கி, எழுந்தே வந்துடுவார்" என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாயே, அதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது. அவர்கள் போனபிறகு நாம் போட்ட சண்டையில் நான் சொன்னவற்றை எல்லாம் எழுத எனக்கே கூசுகிறது.

இப்போது நல்ல விஷயம். தினமும் காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்து நம் பக்கத்தைத் திறப்பேன். வாடகைக் கட்டில், சக்கர நாற்காலி, புண் வராத காற்று மெத்தை, எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொரு விலைக்குக் கீழேயும் சின்ன எழுத்தில் "இன்று காலை சரிபார்த்தது". நான் மேலிருந்து கீழே எண்ணுவேன். அறுபத்திரண்டு கடை. அறுபத்திரண்டு பேரோடு என் தம்பி காலையில் பேசியிருக்கிறான்! நான் இருந்தபோதுகூட ஒரே நாளில் அத்தனை கடைக்கும் பேசியதில்லை, மூன்று நாளாகப் பிரித்துத்தான் செய்வேன். என் வாயை அடைத்துவிட்டாய். சந்தோஷமாக அடைபட்டுக் கிடக்கிறேன்.

அப்பா படுக்கையில் இருந்தபோது ஒரு மெத்தைக்காக ஊரெல்லாம் அலைந்து, வாங்கி வந்த மறுநாள் அதே மெத்தை இரண்டு தெரு தள்ளிப் பாதி விலைக்குக் கிடைப்பதைப் பார்த்து நாம் நடுத்தெருவில் நின்றோமே. இனி யாரும் அப்படி நிற்கக் கூடாது என்று ஆரம்பித்ததை நீ ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு போகிறாய்.

இன்னொன்று. நமக்குத் துணி தைப்பாரே டெய்லர் அக்கா, அவர் போன் செய்தார். வீட்டுக்காரர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம். வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், தலைப்பக்கம் தூக்கும் கட்டில் வேண்டும். "உங்க தம்பி சைட்டுல ஒரு கடையில ஆயிரத்து ஐந்நூறுன்னு போட்டிருக்கு. இங்க பக்கத்துக் கடையில ரெண்டாயிரத்து நானூறு சொல்றான். நம்பிப் போகலாமாம்மா?" என்றார். "கண்ணை மூடிக்கிட்டுப் போங்க. தினம் காலைல அவனே பேசி விசாரிக்கறான்" என்றேன். சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்தே போய்விட்டது.

கோபம் இருந்தால் திட்டியாவது எழுது.

அக்கா

---

ஜனவரி 9

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. அன்றைக்கே பார்த்துவிட்டேன். பதில் எழுதத்தான் மூன்று நாள் ஆகிவிட்டது, கொஞ்சம் வேலை.

அந்த நாளைப் பற்றி நீ மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். நானும் உன்னை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வரவில்லை. கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்.

நான் நன்றாக இருக்கிறேன். கம்பெனியில் படிவம் வடிவமைக்கும் அதே வேலைதான். நம் பக்கத்தில் சில மாற்றம் செய்திருக்கிறேன், கவனித்திருப்பாய். வாடகையை மட்டும் பார்த்து ஜனங்கள் ஏமாறுகிறார்கள். கட்டில் வாடகை குறைவாக இருக்கும், கொண்டுவந்து இறக்கும் கூலியில் கறந்துவிடுவார்கள். அதனால் வாடகை, முன்பணம், வண்டிக் கூலி, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து மொத்தத்தின்படி வரிசைப்படுத்தினேன். காசு கொடுத்து மேலே வர எந்தக் கடைக்கும் வழியில்லை. இரண்டு பேர் கேட்டார்கள், முடியாது என்று எழுதிவிட்டேன். எழுத்தும் பெரிதாகிவிட்டது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு கண்ணாடி இல்லாமல் பார்ப்பவர்களுக்காக.

போன் விஷயம், கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை.

டெய்லர் அக்கா எந்தக் கடைக்குப் போகப்போவதாகச் சொன்னார்? போய்விட்டாரா? நீ யாரிடமும் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்லாதே அக்கா. எந்த விலையானாலும் கிளம்பும் முன் ஒருமுறை கடைக்குப் பேசிவிட்டுப் போவது நல்லது. அவரிடம் சொல்லிவிடு. இன்றைக்கே சொல்லிவிடு.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

---

ஜனவரி 12

உனக்கு,

நேற்று டெய்லர் அக்கா என்னோடு நாற்பது நிமிடம் பேசினார். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

நான் சொன்னதை நம்பிப் பக்கத்துக் கடையில் சொல்லி வைத்திருந்த கட்டிலை வேண்டாம் என்றிருக்கிறார். புதன்கிழமை, உன் பதில் வருவதற்கு முன்பே, தைக்க வேண்டிய துணியை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி நீ போட்ட முகவரிக்குப் போயிருக்கிறார். கிளம்பும் முன் நம் பக்கத்தில் இருக்கும் எண்ணுக்கு நாலு தடவை கூப்பிட்டாராம். யாரும் எடுக்கவில்லை. கடையின் போனும் அணைத்தே கிடந்தது. "சரி, காலைல விசாரிச்சதுதானே, கடை திறக்கற நேரம் ஆகல போல" என்று நினைத்துப் போய்விட்டார்.

அந்தக் கடை மூடி நாலு மாதம் ஆகிறதாம். இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். அங்கே இருந்த பையன், "இதோட உங்கள மாதிரி எட்டு பேர் வந்துட்டாங்கம்மா" என்றானாம். எட்டு பேர்!

திரும்பி வருவதற்குள் பக்கத்துக் கடைக்காரன் கட்டிலை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டான். மறுநாள் ஆம்புலன்சில் வந்த மனிதரை, இடுப்பில் தகடு வைத்த மனிதரை, தரையில் நாலு போர்வையை மடித்துப் போட்டுப் படுக்கவைத்திருக்கிறார்கள். மூன்று நாள். திருப்பிப் படுக்கவைக்க டெய்லர் அக்காவால் தனியாக முடியவில்லை. முதுகுக்குக் கீழே தோல் பிய்ந்துவிட்டது. நேற்றுத்தான் வேறு கட்டில் வந்திருக்கிறது.

அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அதே கடை. ஆயிரத்து ஐந்நூறு. கீழே, "இன்று காலை சரிபார்த்தது".

யாரிடமடா சரிபார்த்தாய்?

---

ஜனவரி 14

அக்காவுக்கு,

யாரிடமும் இல்லை.

இந்த இரண்டு வார்த்தையை எழுத இரண்டு நாள் ஆனது. இனிமேல் நிற்காமல் எழுதிவிடுகிறேன், எழுத்தில் எனக்குத் திக்காது என்பதுதான் என் ஒரே வசதி.

நீ போன மூன்றாம் நாள், ஜூன் இருபது, காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். கேட்க வேண்டிய கேள்விகளைத் தாளில் எழுதி எதிரே சாய்த்து வைத்திருந்தேன். முதல் கடை. "வாடகை" என்ற வார்த்தையில் நின்றேன். அவர் "ஹலோ, ஹலோ, சிக்னல் இல்ல" என்று வைத்துவிட்டார். இரண்டாம் கடைக்காரர், "டேய், யாருடா விளையாடறது?" என்று ஆரம்பித்து நம் அம்மா வரைக்கும் போனார். மூன்றாவது ஒரு பெண். ரொம்பப் பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில், "பக்கத்துல பெரியவங்க யாராவது இருந்தா போனைக் குடுப்பா கண்ணு" என்றார். எனக்கு முப்பத்து நாலு வயது.

நாலாவது கடைக்கு எண்ணை அழுத்தி, அவர்கள் எடுத்ததும் நானே வைத்துவிட்டேன். மெசேஜ் அனுப்பிப் பார்த்தேன். "போன் பண்ணுங்க" என்றே எல்லாரும் பதில் போட்டார்கள். பதினோரு கடைகள் தங்கள் இணையப் பக்கத்தில் விலை போடுகின்றன, அவற்றை மட்டும் உண்மையாகவே தினமும் பார்த்துத் திருத்தினேன். மீதி ஐம்பத்தொன்று அப்படியே கிடந்தது.

ஒரு ஆளை வைத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். வைக்கலாம். "எனக்குப் பேச வராது, அதனால் நீ பேசு" என்று அந்த ஆளிடம் சொல்ல வேண்டியிருக்குமே.

தேதி பழையதானால் எழுத்து மங்கலாக வேண்டும் என்று நாம்தானே வைத்தோம். இரண்டு நாளில் பக்கம் முழுக்க மங்க ஆரம்பித்தது. நீ அங்கே திறந்து பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். பார்த்து, "நான்தான் சொன்னேனே" என்று நினைப்பாய். அன்றைக்கு ஒரே ஒரு வரி எழுதினேன். தினமும் காலை ஆறு மணிக்கு எல்லாத் தேதியும் தானாக அன்றைய தேதியாக மாறும். எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஊரை ஏமாற்ற வேண்டும் என்று அதைச் செய்யவில்லை அக்கா. நீ ஒருத்தி பார்ப்பாயே என்றுதான் செய்தேன். ஊர் அதில் விழுந்தது.

உன் முதல் கடிதம் வந்தபோதே சொல்லியிருக்கலாம். செவ்வாய்க்கிழமை படித்தேன். புதன்கிழமை டெய்லர் அக்கா பஸ் ஏறினார். நடுவில் ஒரு முழு இரவு என் கையில் இருந்தது. நீ என்னைப் பாராட்டியிருந்ததை ஏழெட்டுத் தடவை படித்துக்கொண்டிருந்தேன், அதுதான் நான் செய்த வேலை. அதற்குப் பிறகு "பழகிவிட்டது" என்று வேறு எழுதினேன். அந்த வார்த்தைக்கு எனக்கு நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

நாலு தடவை அடித்தது என் மேசை மேல் இருந்த போன்தான். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வரியை எடுத்துவிட்டேன். பக்கத்தில் போட ஒரு அறிவிப்பு எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்: "தொழில்நுட்பக் கோளாறு காரணமாகச் சில விலைகளின் தேதி தவறாகக் காட்டப்பட்டிருக்கலாம். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

தம்பி

---

ஜனவரி 15

தம்பிக்கு,

கோளாறா? எந்தக் கோளாறுடா இது? கோளாறு தானாக வரும், ஆள் உட்கார்ந்து எழுத மாட்டான். "சில விலைகள்" என்கிறாய், ஐம்பத்தொரு கடை. "இருக்கலாம்" என்கிறாய், ஏன், உனக்கே சந்தேகமா? "வருந்துகிறோம்" என்று பத்துப் பேர் உட்கார்ந்து வருந்துகிற மாதிரி வேறு. இருப்பது நீ ஒருத்தன்.

இப்படிப் போடு: "ஜூன் 22 முதல் ஜனவரி 14 வரை இந்தப் பக்கத்தில் ஐம்பத்தொரு கடைகளின் விலைக்குக் கீழே இருந்த தேதி பொய். கடைகளை யாரும் விசாரிக்கவில்லை. அதைச் செய்தது இந்தப் பக்கத்தை நடத்தும் நான். இதை நம்பிப் போய் நஷ்டப்பட்டவர்கள் எனக்கு எழுதுங்கள்." மேலே போடு. கீழே, மூலையில், எறும்பு எழுத்தில் போட்டாயானால் நான் வண்டி ஏறி வந்து உன் காதைத் திருகுவேன்.

எல்லாரும் காறித் துப்புவார்கள். துப்பட்டும்.

அப்புறம், டெய்லர் அக்கா வீட்டுக்குப் போ. எழுதி அனுப்பாதே. நேரில் போ. எவ்வளவு நேரமானாலும் நின்று சொல்லிவிட்டு வா. உன்னால் முடியுமா முடியாதா என்று நான் இனிமேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன், அந்த உரிமையை நான் எப்போதோ கெடுத்துக்கொண்டேன். ஆனால் போ.

நான் பார்ப்பேன் என்றுதான் பொய் போட்டாய் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா

---

ஜனவரி 21

அக்காவுக்கு,

நீ எழுதியபடியே போட்டேன். மேலே, பெரிய எழுத்தில். இதுவரை எழுபது கடிதம் வந்திருக்கிறது. ஐந்தாறு பேர், நாங்கள் போனபோது அந்த விலைதான் இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். அந்த அதிர்ஷ்டத்துக்கு எனக்கு ஒரு பங்கும் இல்லை. மற்றவர்கள் எழுதியதை உனக்கு அனுப்பவில்லை, எல்லாம் நியாயம்தான்.

அறுபத்திரண்டு கடையைப் பத்தொன்பதாகக் குறைத்துவிட்டேன். பதினொன்றைத் திரையில் பார்க்கலாம். மீதி எட்டுக்கு நானே நடந்து போகிறேன். நேரில் கொஞ்சம் பரவாயில்லை, முகத்தைப் பார்த்தால் இவன் விளையாடவில்லை என்று தெரிகிறது. ஒரு கடைக்காரருக்கு மட்டும் பொறுமை கிடையாது. நான் "ச" என்று ஆரம்பித்தால், "சக்கர நாற்காலியா, சலைன் ஸ்டாண்டா, சர்க்கரை மிஷினா" என்று கடையையே ஒப்பித்துவிடுகிறார். எனக்கும் வசதி, ஒரே மூச்சில் மூன்று விலை கிடைக்கிறது.

ஒவ்வொரு விலைக்குக் கீழேயும் இப்போது மூன்று விஷயம் இருக்கும்: யார் போனது, எந்தத் தேதி, கடையில் யாரைக் கேட்டது. ஏழு நாள் ஆனால் விலை மங்கும். பதினைந்து நாள் ஆனால் விலை போய்விடும், "தெரியவில்லை" என்று மட்டும் நிற்கும். தேதியை நான் நினைத்தாலும் தனியாக மாற்ற முடியாது, விலையை மறுபடி எழுதினால்தான் மாறும். என்னிடமிருந்து பக்கத்தைக் காப்பாற்றப் பூட்டுப் போட்டிருக்கிறேன். நம் எண்ணுக்குப் பக்கத்தில், "போனை எடுப்பவருக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்கள்" என்று எழுதியிருக்கிறேன். நேற்று இரண்டு பேர் பொறுத்தார்கள். ஒருவர் வைத்துவிட்டார்.

டெய்லர் அக்கா வீட்டுக்குப் போனேன். தெரு முனை வரை போய் இரண்டு தடவை திரும்பினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முன்னறையில் துணி வெட்டும் மேசை இருந்த இடத்தில் இப்போது கட்டில். மேசையைச் சுவரோடு நிமிர்த்திச் சாய்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், முதுகு பட்டால் எரிகிறதாம். ஒருநாள் விட்டு ஒருநாள் நர்ஸ் வந்து கட்டுப் போடுகிறார். மருந்து வாடை. என்னைப் பார்த்ததும் டெய்லர் அக்கா கத்திரிக்கோலைக் கீழே வைத்தார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். வழியெல்லாம் மனத்தில் அடுக்கி வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "தேதி" என்ற வார்த்தையிலேயே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பாதியில் எனக்கு வியர்த்து ஊற்றியது. அவர் ஒரு வார்த்தையைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை, வேறு பக்கம் பார்க்கவும் இல்லை. முழுக்க நானே சொல்லி முடிக்கும் வரை தரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

முடித்தபிறகு, "எல்லாம் பொய்யா?" என்றார். ஆமாம் என்றேன்.

"விலை அப்புறம். கடை இருக்குதா இல்லையான்னு முதல்ல போடுங்க. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அதுதான் வேணும்" என்றார். அதனால்தான் இப்போது ஒவ்வொரு கடைப் பெயருக்கு முன்னாலும் "திறந்திருந்தது" என்று தேதியோடு போடுகிறேன்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது ஒன்று கேட்டார். "உங்க அக்காவுக்கு இது முன்னாடியே தெரியுமா? அவங்க அவ்வளவு அடிச்சுச் சொன்னாங்களே." தெரியாது, அவள் செய்தவரைக்கும் எல்லாம் உண்மை என்றேன். "அதான் பார்த்தேன். அந்தம்மா அப்படிப்பட்டவங்க இல்ல" என்றார். அவர் முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. எனக்கும் அது ஆறுதல்தான்.

பழைய பதிவுகளை எல்லாம் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த மூடின கடை வேடிக்கையான கடை. மற்ற எல்லாக் கடையிலும் நீ ஊர் மாறுவதற்குள்ளேயே கட்டில் வாடகை இரண்டு மூன்று தடவை ஏறியிருக்கிறது. அங்கே மட்டும் பதினான்கு மாதமாக அதே ஆயிரத்து ஐந்நூறு. விலையே ஏற்றாத கடை போலிருக்கிறது.

தம்பி

---

ஜனவரி 30

தம்பிக்கு,

விலையே ஏற்றாத கடை இல்லை. உனக்கு அது தெரியும். தெரிந்துதான் அப்படி எழுதினாய், எனக்கு ஒரு வாசல் திறந்துவைத்தாய். ஒன்பது நாளாக அந்த வாசலில் நின்றுகொண்டிருக்கிறேன்.

அந்தக் கடைக்கு நான் போன் செய்வதைப் போன வருடத்துக்கு முந்தின வருட நவம்பரிலேயே நிறுத்திவிட்டேன். அந்த ஆள் ஒருநாள், "விலை கேக்கறதுக்கே இத்தனை தடவை பேசற, நேர்ல எப்ப வர்ற? கட்டில் போட்டே வெச்சிருக்கேன்" என்றான். சிரித்தான். பக்கத்தில் யாரோ சேர்ந்து சிரித்தார்கள். போனை வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ நேரே போய் அவன் முன்னால் நிற்பாய், வார்த்தை வராமல் தவிப்பாய், அவன் உன்னையும் பார்த்துச் சிரிப்பான். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கடையை எடுத்துவிடலாம் என்றால், ஏன் என்று நீ கேட்பாய். அதனால் பழைய விலையையே எழுதி, புதுத் தேதி போட்டேன். ஒரு தடவைதானே என்று போட்டது ஏழு மாதம் ஓடிவிட்டது. என் கையாலேயே, மூன்று நாளைக்கு ஒரு தடவை. நீ ஒரு வரியில் இயந்திரத்திடம் விட்டாய். நான் ஒவ்வொரு தடவையும் தெரிந்து எழுதினேன்.

ஊர் மாறும்போதாவது உன்னிடம் சொல்லியிருந்தால் அந்தக் கடை அன்றோடு பக்கத்திலிருந்து போயிருக்கும். டெய்லர் அக்கா பஸ் ஏறியிருக்க மாட்டார்.

அவர் அந்தக் கடையின் பெயரைச் சொன்ன உடனே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் உன்னைத்தான் கேட்டேன், "யாரிடமடா சரிபார்த்தாய்" என்று. நீதிபதி மாதிரி உட்கார்ந்துகொண்டு உன் அறிவிப்பைத் திருத்தினேன். "இருப்பது நீ ஒருத்தன்" என்று எழுதினேன். நீ போய் அந்த வீட்டில் நின்று என் பெயரைக் காப்பாற்றிவிட்டு வந்தாய். அந்தக் கடிதத்தைப் படித்தபோது ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைவிட அசிங்கம் வேறு கிடையாது.

நாளைக்கோ மறுநாளோ அவரிடம் சொல்லிவிடப் போகிறேன்.

அக்கா

---

பிப்ரவரி 1

அக்காவுக்கு,

தெரியும். பதிவில் உன் பெயரும் அதே விலையும் எழுபது தடவை வரிசையாக இருந்தது. உன்னை மாட்டிவைக்க எழுதவில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வது, இல்லையென்றால் விட்டுவிடுவது என்று இருந்தேன்.

அந்த ஆள் அப்படிப் பேசியதை நீ அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நான் போய் நின்றிருப்பேன்தான். திக்கியிருப்பேன்தான். அதனால் என்ன?

ஆனால் டெய்லர் அக்காவிடம் சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன். பழி முழுவதும் ஏற்கெனவே என்மேல் இருக்கிறது, அதில் பாதியை நீ எடுத்துக்கொண்டால் அவருக்கு என்ன குறையப் போகிறது? அவர் வீட்டுக்காரரின் புண் ஆறுமா? "அந்தம்மா அப்படிப்பட்டவங்க இல்ல" என்றபோது அவர் முகத்தை நீ பார்க்கவில்லை. இத்தனைக்கும் நடுவில் நம்புவதற்கு அவருக்கு ஒரு ஆள் மிச்சம் இருக்கிறது. அதையும் ஏன் பிடுங்க வேண்டும்?

அறிவிப்பும் அப்படியே இருக்கட்டும். யாருக்கும் தெரியாது.

தம்பி

---

பிப்ரவரி 3

தம்பிக்கு,

"யாருக்கும் தெரியாது" என்று நீ எழுதியதைப் படித்ததும் எழுந்துபோய் டெய்லர் அக்காவுக்கு போன் செய்துவிட்டேன். இன்னும் ஒரு மணி நேரம் யோசித்திருந்தால் நீ சொன்னதைக் கேட்டிருப்பேன், அவ்வளவு ஆசையாக இருந்தது.

அறிவிப்பை மாற்று. ஜூன் 22 என்பது மற்றக் கடைகளுக்கு இருக்கட்டும், அந்த ஒரு கடைக்கு மட்டும் அதற்கு முந்தின நவம்பரிலிருந்தே பொய் என்று போடு. அதைச் செய்தது உன் அக்கா என்றும் போடு. இன்று மாலைக்குள் பார்ப்பேன்.

போனை எடுத்ததும் அவர், "சொல்லுங்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றார். வீட்டுக்காரர் இன்றைக்குத்தான் தலைப்பக்கம் தூக்கிச் சாய்ந்து உட்கார்ந்தாராம், அதைச் சொன்னார். நான் குறுக்கே புகுந்து சொல்லிவிட்டேன். நான் எப்படிப் பேசுவேன் என்று உனக்குத் தெரியும். எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது, எந்த இடத்தில் குரலை இறக்குவது, எல்லாம் தானாக வந்தது. அந்தக் கடைக்காரன் பேசிய கேவலத்தைச் சொன்னேன், பயத்தைச் சொன்னேன், என் தப்புதான், மன்னிச்சிடுங்க என்றேன். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

பிறகு அவர் சொன்னார்: "உங்க தம்பி இங்க வந்து நின்னு அரை மணி நேரம் சொன்னார்மா. நீங்க அரை நிமிஷத்துல முடிச்சிட்டீங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவர் காத்திருக்கவில்லை, வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை வண்டிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம். நேரே அவர் வீட்டுக்குத்தான் போகிறேன், அவர் கதவைத் திறந்தால் உள்ளே, திறக்காவிட்டால் வாசலில். அங்கே என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அக்கா